யார் தலையில் விடிகிறது?

(வணிகவியல் மாணவர்களும் பனியன் தொழில்முனைவோரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2025 ஆகஸ்ட் 27ஆம் தேதி, இந்தியப் பொருள்கள் மீது அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதம் ஆனது. அதில் பாதி ஆகஸ்ட் 7ஆம் தேதியே வந்துவிட்டது. மறுபாதிக்குச் சொன்ன காரணம், ரஷ்யாவிடம் நாம் எண்ணெய் வாங்குகிறோம் என்பது. உக்ரைன் போருக்கு முன் நம் கச்சா எண்ணெய் இறக்குமதியில் ரஷ்யாவின் பங்கு 2 சதவீதம் அளவில்தான் இருந்தது. போர் தொடங்கிய பிறகு தள்ளுபடி விலையில் கிடைத்ததால் அது மூன்றில் ஒரு பங்கு வரை ஏறியது. அந்த எண்ணெயை வாங்கலாமா வேண்டாமா என்று திருப்பூரில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணிடம் யாரும் கேட்கவில்லை. கேட்கக்கூடிய விஷயமும் இல்லை. ஆனால் அபராதம் வந்து விழுந்தது அவர் தைக்கும் பனியன் மேல். இன்னொன்றையும் கவனியுங்கள். அதே வரி உத்தரவில் பெட்ரோலியப் பொருள்களுக்கு விலக்கு இருந்தது. மருந்துக்கும் செல்பேசிக்கும் இருந்தது. துணிக்கு இல்லை.

பருத்தி டி-சர்ட்டுக்கு அமெரிக்காவில் வழக்கமாக உள்ள வரி 16.5 சதவீதம். அதன் மேல் 50 என்றால் மொத்தம் 66.5. அந்த நேரத்தில் வங்கதேசம், வியட்நாம், இலங்கை ஆகியவற்றுக்குக் கூடுதல் வரி 20; பாகிஸ்தானுக்கும் கம்போடியாவுக்கும் 19. ஒரு பீஸுக்குச் சில சென்ட் வித்தியாசத்தில் ஆர்டர் கைமாறுகிற தொழில் இது. இந்த இடைவெளியை எந்தத் திறமையால் நிரப்ப முடியும்? பையர்கள் தள்ளுபடி கேட்டார்கள். வெட்டிய துணியையும் தொங்கவிட்ட ஆர்டரையும் வைத்துக்கொண்டு நின்ற கம்பெனிகள் கொடுத்தன. அந்த வரி பிறகு எவ்வளவு ஏறினாலும் இறங்கினாலும், அந்த மாதங்களில் கொடுத்த தள்ளுபடி திரும்பி வராது.

வணிக அறத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தீர்கள். அறத்தைப் பொதுவாகப் பேசினால் எல்லோரும் தலையாட்டிவிட்டுக் கலைந்துவிடுவோம். ஆகவே ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். உலகச் சந்தையில் எங்கோ ஒரு நட்டம் பிறக்கிறது. அது கடைசியில் யார் தலையில் விடிகிறது? இலாபம் வரும்போது எல்லா நிறுவனங்களும் நல்ல நிறுவனங்கள்தான். நட்டம் வரும் நாளில் அவை போடும் கடிதங்களை வாசித்தால்தான் உண்மை தெரியும் என்று நான் நம்புகிறேன்.

தொழிலுக்கு எதிராளியாக நின்று இதைப் பேசவில்லை. 2024–25இல் திருப்பூரின் பின்னலாடை ஏற்றுமதி 40,000 கோடி ரூபாயை ஒட்டி வந்தது. இந்தியாவின் பருத்திப் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஒரு ஊரிலிருந்து போகிறது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளும், மெஷினில் உட்கார்ந்து தைத்தவர்களும், கட்டிங் மாஸ்டர்களும் நாலு மெஷினைப் போட்டு முதலாளியான ஊர் இது. அந்த உழைப்பின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. அதனால்தான் அந்த உழைப்பின் பலன் ஒரு கையெழுத்தில் கரைந்துபோவதைப் பார்க்கும்போது பொறுக்க முடியவில்லை.

1970 செப்டம்பரில் மில்டன் ஃப்ரீட்மன் நியூயார்க் டைம்ஸ் வார இதழில் எழுதிய கட்டுரையை வணிகம் படிக்கும் எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். நிறுவனத்தின் சமூகப் பொறுப்பு இலாபத்தைப் பெருக்குவதுதான் என்பது அவர் வாதம். அந்த வாதத்துக்கு அவரே ஒரு வேலி போட்டார்: விளையாட்டின் விதிகளுக்குள், ஏமாற்று இல்லாமல். கடையும் கம்பெனியும் ஒரே நாட்டில் இருந்தால் அந்த வேலி எங்கே இருக்கிறது என்று தெரியும். சட்டை விற்கும் கடை ஐரோப்பாவில்; பையிங் ஆபீஸ் ஹாங்காங்கிலோ பெங்களூரிலோ; நூல் திண்டுக்கல் மில்லில்; தையல் திருப்பூரில்; தைக்கிறவர் ஒடிசாவிலிருந்து வந்தவர். இதில் யாருடைய விதி? எந்த நீதிமன்றம்? கடையின் நாட்டுச் சட்டம் கடையோடு நின்றுவிடுகிறது. நம் சட்டம் நம் ஊர்க் கம்பெனியோடு நின்றுவிடுகிறது. நடுவில் இருப்பது ஆர்டர் தாள் ஒன்றுதான். உலகமயமாக்கலின் அறத்தைத் தேட வேண்டிய இடம் அந்தத் தாள்.

அந்தத் தாளைக் கொஞ்சம் விரித்துப் பார்ப்போம். ஒரு காலத்தில் எல்.சி. (கடனுறுதிக் கடிதம்) வைத்து ஆர்டர் கொடுத்தார்கள். வங்கி உத்தரவாதம் இருந்தது. இப்போது பெரும்பாலும் கடன் கணக்குதான். சரக்கு கப்பலேறி 60, 90, சில சமயம் 120 நாள் கழித்துப் பணம். இங்கே நூலுக்குப் பணம் கட்ட வேண்டும், நிட்டிங், சாயம், பிரிண்டிங், எம்ப்ராய்டரி ஒவ்வொன்றுக்கும் கட்ட வேண்டும், சனிக்கிழமை ஆனால் சம்பளம் போட வேண்டும். இதற்கெல்லாம் கம்பெனி வங்கியில் பேக்கிங் கிரெடிட் என்ற ஏற்றுமதிக் கடன் வாங்கி வட்டி கட்டுகிறது. உலகின் பெரிய பணக்கார நிறுவனங்களுக்குத் திருப்பூரின் நடுத்தரக் கம்பெனி வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருக்கிறது. இதை யாரும் இப்படிப் பெயர் சொல்லி அழைப்பதில்லை.

அடுத்து, நாள். லேப் டிப் என்ற சாய மாதிரியை அனுப்புகிறோம். நிறத்துக்கு அப்ரூவல் வர வேண்டும். பத்து நாளில் வர வேண்டியது மூன்று வாரம் ஆகிறது. ஷிப்மெண்ட் தேதி மட்டும் ஒரு நாள்கூட நகராது. தொலைந்த நாள்களை எங்கே பிடிப்பது? ஒன்றரை ஷிப்ட் இரண்டு ஷிப்ட் ஆகிறது, ஞாயிறும் வேலை நாளாகிறது. அப்படியும் முடியாவிட்டால் ஏர் ஷிப்மெண்ட். அந்த விமானக் கூலியில் ஆர்டரின் இலாபம் முழுதும் போய்விடும், சில சமயம் அசலும் போகும். இரண்டு மாதம் கழித்து அதே பையரின் பெயரால் ஆடிட் வருகிறது. ஓவர்டைம் பதிவேட்டைப் புரட்டிப் பார்த்து, அளவுக்கு மேல் வேலை வாங்கியிருக்கிறீர்கள் என்று எழுதுகிறார்கள். எழுதுவது உண்மைதான். தொழிலாளர் சட்டம் கூடுதல் நேரத்துக்கு இரட்டிப்புக் கூலி கொடுக்கச் சொல்கிறது. அதைக் கொடுக்காமல் விடுவது தவறு என்பதிலும் எனக்கு ஐயமில்லை. ஆனால் அப்ரூவல் தாமதமானது எந்த ஆடிட் அறிக்கையிலும் வராது. வாங்குகிறவரின் நடத்தை அங்கே ஆய்வுப் பொருளே இல்லை.

பெரிய பிராண்டுகள் நடத்தை விதிகள் எழுதத் தொடங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1990களின் தொடக்கத்தில் லீவை ஸ்ட்ராஸ் முதலில் எழுதியது. பிறகு எல்லோரும் எழுதினார்கள். இன்று எந்தக் கம்பெனிக்குள் போனாலும் சுவரில் தமிழிலும் இந்தியிலும் அந்த விதிகள் ஒட்டியிருக்கும். அவற்றால் சில நன்மைகள் நடந்தன. குழந்தைத் தொழிலாளர் குறைந்ததில், தீயணைப்புக் கருவிகள் வந்ததில், கழிப்பறைகள் சீரானதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. ஆனால் உயிர் காக்க வேண்டிய இடத்தில் அவை கைவிட்டதையும் பார்த்துவிட்டோம். 2012 செப்டம்பரில் கராச்சியில் அலி எண்டர்பிரைசஸ் ஆடைத் தொழிற்சாலை எரிந்தது. ஜன்னல்களில் கம்பி, வெளியேறும் வழிகள் அடைபட்டிருந்தன. 250 பேருக்கு மேல் இறந்தார்கள். அதற்குச் சில வாரங்களுக்கு முன்புதான் அந்தத் தொழிற்சாலைக்கு எஸ்.ஏ. 8000 என்ற சமூகப் பொறுப்புச் சான்றிதழ் கிடைத்திருந்தது.

அடுத்த ஆண்டு ராணா பிளாசா. டாக்காவுக்கு அருகே சாவரில் எட்டு மாடிக் கட்டடம். 2013 ஏப்ரல் 23ஆம் தேதி தூண்களில் விரிசல் கண்டு எல்லோரையும் வெளியேற்றினார்கள். மறுநாள் கீழ்த்தளத்தில் இருந்த வங்கி திறக்கவில்லை; கடைகளும் திறக்கவில்லை. மேல் மாடிகளில் இருந்த ஆடைத் தொழிலாளர்களை மட்டும் வேலைக்கு வரச் சொன்னார்கள், வராவிட்டால் சம்பளம் இல்லை என்று மிரட்டி. கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் இறந்தார்கள். அந்தக் கட்டடத்தின் கம்பெனிகளுக்கும் ஆடிட் நடந்திருந்தது. வங்கி ஊழியரும் தையல் தொழிலாளியும் ஒரே விரிசலைத்தான் பார்த்தார்கள். வங்கிக்கு ஒரு நாள் மூடுவதால் வரும் நட்டத்தைத் தாங்கும் வலு இருந்தது. ஷிப்மெண்ட் தேதி நெருக்கிக்கொண்டிருந்த கம்பெனி அந்த நட்டத்தைத் தொழிலாளியின் உயிர் மேல் ஏற்றியது. அந்த முதலாளிகளின் குற்றத்தைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. அந்த நெருக்கடியை உண்டாக்கிய ஆர்டர் தாளையும் அவர்களோடு சேர்த்து நிறுத்த வேண்டும் என்கிறேன்.

அந்தச் சாவுகளுக்குப் பிறகு வந்தது ஓர் ஒப்பந்தம். வங்கதேசத் தீ மற்றும் கட்டடப் பாதுகாப்பு ஒப்பந்தம். இதை வணிக மாணவர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். தொழிற்சங்கங்களும் பிராண்டுகளும் கையெழுத்திட்டன. மீறினால் வழக்காட முடியும். ஆய்வு அறிக்கைகள் பொதுவெளியில் வந்தன. முக்கியமாக, பழுதுகளைச் சரிசெய்யப் பணம் கிடைக்கும் வகையில் விலையையும் கொள்முதலையும் அமைத்துக்கொள்ள வேண்டிய கடமை பிராண்டின் மேல் இருந்தது. இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் அதில் சேர்ந்தன. ஆயிரத்துக்கும் அதிகமான தொழிற்சாலைகளில் மின்கம்பி மாறியது, தீக்கதவு வந்தது, தூண் வலுப்பட்டது. முப்பது ஆண்டுச் சுவரொட்டி செய்யாததைக் கையெழுத்துக்குக் கட்டுப்பட்ட ஒப்பந்தம் சில ஆண்டுகளில் செய்தது.

நம் மண்ணிலும் ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த தலித் பெண் கொல்லப்பட்டார். அவருடைய மேற்பார்வையாளர் கைதானார். பல காலமாகப் பாலியல் தொல்லையைச் சகித்துக்கொண்டிருந்த பெண்கள் அதன் பிறகு வாய் திறந்தார்கள். பெண்கள் தலைமையிலான தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் விடாமல் நின்றது. 2022 ஏப்ரலில் திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏற்றுமதி நிறுவனம், சங்கம், தொழிலாளர் அமைப்புகள், அவர்களோடு எச் அண்ட் எம். பிறகு கேப், பி.வி.எச். நிறுவனங்களும். தொழிலாளர்களே தங்கள் லைனில் கண்காணிப்பாளர்களாகப் பயிற்சி பெற்றார்கள். பழிவாங்கல் இல்லாமல் புகார் சொல்ல வழி வந்தது. அந்த நிறுவனம் இந்த ஒப்பந்தத்துக்குள் வந்ததால் கெட்டுப்போகவில்லை. ஒரு சாவு நடந்த பிறகுதான் இது சாத்தியமானது என்பது என்னை உறுத்துகிறது. கராச்சி, சாவர், திண்டுக்கல், மூன்று இடத்திலும் பிணம் விழுந்த பிறகுதான் மேசையில் இடம் கிடைத்தது.

நட்டத்தைக் கீழே தள்ளுவது பிராண்ட் மட்டும் செய்கிற காரியம் என்று நான் சொன்னால் அது பாதி உண்மைதான். நொய்யல் ஆற்றைக் கேளுங்கள். சாயப்பட்டறைக் கழிவைச் சுத்திகரிக்கும் செலவை மிச்சப்படுத்தி நாம் விலையைக் குறைத்துக் கொடுத்த காலம் ஒன்று இருந்தது. அந்த மிச்சம் எங்கே போனது? ஒரத்துப்பாளையம் அணைக்குப் போனது. 1990களின் தொடக்கத்தில் பத்தாயிரம் ஏக்கருக்கு மேல் பாசனம் தரக் கட்டிய அணை, சாயக்கழிவுத் தொட்டியானது. கிணறுகள் உப்பேறின, மாடு குடிக்கவில்லை, தென்னை பட்டுப்போனது. ஏற்றுமதியின் நட்டக் கணக்கைப் பத்து இருபது ஆண்டுகள் அந்த விவசாயிகள்தான் சுமந்தார்கள். அவர்கள் சங்கமாகச் சேர்ந்து வழக்கு நடத்தினார்கள். 2006இல் சென்னை உயர் நீதிமன்றம் கழிவு ஒரு சொட்டும் ஆற்றில் விடக்கூடாது என்ற நிலைக்கு வரச் சொன்னது. அது நடக்காததால் 2011 ஜனவரியில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. ஊரே முடங்கியது. பலர் கடனில் மூழ்கினார்கள். ஆனால் அதற்குப் பிறகு எழுந்த பட்டறைகள் தண்ணீரையும் உப்பையும் மீட்டுத் திரும்பப் பயன்படுத்துகின்றன. அந்தச் செலவுக்கு ஈடாகப் பையர் விலை ஏற்றித் தரவில்லை என்று ஏற்றுமதியாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். நியாயமான குறை. சுத்தமான ஆடை வேண்டும் என்று விளம்பரம் செய்கிறவர், அந்தச் சுத்தத்துக்கு ஆகும் செலவை ஆர்டர் தாளில் காட்ட மறுக்கக்கூடாது.

இப்போது அரசியலுக்கு வருகிறேன். 1974 முதல் 2004 முடியும்வரை ஆடை வணிகத்தைக் கோட்டாக்கள் ஆண்டன. எந்த நாடு எத்தனை பீஸ் அனுப்பலாம் என்று பணக்கார நாடுகள் வகுத்தன. 2005இல் அந்த முறை ஒழிந்தபோது இனி திறமையும் விலையும்தான் பேசும் என்றார்கள். இருபது ஆண்டில் மறுபடி அரசியல் வந்து உட்கார்ந்துவிட்டது. சீனாவின் ஜின்ஜியாங் பருத்தியைக் கட்டாய உழைப்பின் காரணமாகத் தடுக்கும் அமெரிக்கச் சட்டம் 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்தது. குறைகள் இருந்தாலும் அது ஒரு நடத்தையைச் சுட்டி, அதற்குத் தடை போடுகிறது. மாற்றிக்கொண்டால் வழி திறக்கும். 2025இன் வரி அப்படி இருக்கவில்லை. எந்தத் தொழிற்சாலை நேர்மையாக நடந்தது, எது நடக்கவில்லை என்ற வேறுபாடே அதில் இருக்கவில்லை. சூரியத் தகடு போட்டு, கழிவைச் சுத்திகரித்து, சட்டப்படி கூலி கொடுத்த கம்பெனிக்கும் 50. எதுவும் செய்யாத கம்பெனிக்கும் 50. நேர்மைக்குச் செலவழித்தவர்தான் முதலில் சரிகிறார், ஏனென்றால் அவருக்குத்தான் கையில் மிச்சம் குறைவு.

ஐரோப்பாவில் வேறு கதை. விநியோகச் சங்கிலி முழுவதிலும் மனித உரிமைக்கும் சூழலுக்கும் பெரிய நிறுவனங்களைப் பொறுப்பாக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறை 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. ஓர் ஆண்டு முடிவதற்குள், போட்டித்திறன் என்ற பெயரில், அதைத் தள்ளிப்போடவும் வரம்பைச் சுருக்கவும் வேலை தொடங்கிவிட்டது. சில ஏற்றுமதியாளர்கள் நல்லதாயிற்று, காகித வேலை குறையும் என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொறுப்பு மேலே ஏறும் ஒரு வழியாக அந்தச் சட்டம் இருந்தது. அது சுருங்கினால் ஆடிட் குறையாது; ஆடிட்டின் மறுபக்கமான பையரின் பொறுப்புதான் குறையும்.

நம் அரசு செய்ததையும் சொல்ல வேண்டும். அமெரிக்க வரி வந்ததும் பருத்தி மீதான 11 சதவீத இறக்குமதி வரியை 2025 ஆண்டு முடிவுவரை நீக்கியது. மில்லுக்கும் கம்பெனிக்கும் அது ஆறுதல்; தேவையாகவும் இருந்தது. ஆனால் அது அறுவடைக் காலம். விவசாயச் சங்கங்கள் எதிர்த்தன, விலை சரியும் என்று. வாஷிங்டனில் பிறந்த நட்டம் திருப்பூருக்கு வந்து, அங்கிருந்து விதர்பாவின் பருத்திக் காட்டுக்குப் போனது. நேரடியாகப் பணம் கொடுத்துத் தாங்கியிருக்க வேண்டிய சுமையை, வரிச் சலுகையாகக் கொடுத்து இன்னொரு ஏழையின் தோளுக்கு மாற்றிவிட்டார்கள் என்பதே என் கருத்து.

வெளிமாநிலத் தொழிலாளியின் தோளும் அப்படித்தான். ஆர்டர் குறைந்தால் முதலில் வேலை போவது ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவருக்கு. இங்கே பெரும்பாலும் அவருக்கு வாக்கு கிடையாது; ஆகவே அவருக்காகப் பேச எந்தக் கட்சிக்கும் அவசரம் கிடையாது. 2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவி அவர்கள் ஊருக்குக் கிளம்பியபோதுதான், அவர்கள் இல்லாமல் ஒரு லைனும் ஓடாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. ஆட்சியரும் காவல்துறையும் இந்தியில் அறிவிப்பு கொடுத்தார்கள், நல்லது. அந்த அக்கறை ஆர்டர் குறைந்த மாதங்களிலும் தேவைப்படுகிறது.

என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். அதற்கு முன் நடந்த ஒன்றை நினைவூட்டுகிறேன். 2020 மார்ச்சில் கொரோனா வந்தபோது பிராண்டுகள் ஒரே மின்னஞ்சலில் ஆர்டர்களை ரத்து செய்தன. தைத்து முடித்த சரக்குக்கும் பணம் தர மறுத்தன. வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் தடைபட்டது. பொது எதிர்ப்பு எழுந்த பிறகுதான் பலர் கொடுத்தார்கள். அதற்கு ஓராண்டுக்கு முன், 2019இல், ஐரோப்பிய ஒன்றியம் உணவுப் பொருள் வணிகத்துக்கு ஒரு நெறிமுறை போட்டிருந்தது: கெட்டுப்போகும் பொருளின் ஆர்டரை 30 நாளுக்குள் திடீரென ரத்து செய்யக்கூடாது, ஒப்புக்கொண்டதை ஒருதலையாக மாற்றக்கூடாது, கெட்டுப்போகும் பொருளுக்கு 30 நாளில் பணம் கொடுக்க வேண்டும். பிரிட்டனில் 2013 முதல் பெரிய மளிகைக் கடைகள் சப்ளையர்களை நடத்தும் விதத்தைக் கண்காணிக்கத் தனி அதிகாரி இருக்கிறார்; அபராதம் போடும் அதிகாரமும் பிறகு வந்தது. தக்காளிக்கு இருக்கும் இந்தப் பாதுகாப்பு சட்டைக்கு ஏன் இல்லை? ஒரு சீசனுக்கென வெட்டிய துணி, அந்த சீசன் போனால் தக்காளியைப் போலத்தான் வீணாகிறது. 2021இல் பல நாடுகளின் உற்பத்தியாளர் சங்கங்கள் சேர்ந்து, கொள்முதலில் எதைப் பொறுக்க முடியாது என்று ஒரு பட்டியல் எழுதின. வர்த்தக ஒப்பந்தம் பேசும்போது வரி விகிதத்தை மட்டும் கேட்காமல், இந்தக் கொள்முதல் விதிகளையும் டெல்லி மேசையில் வைக்க வேண்டும்.

அதைக் கேட்கும் உரிமை நமக்கு வேண்டுமானால் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. 2006ஆம் ஆண்டு சிறு, குறு, நடுத்தரத் தொழில்கள் சட்டம், சிறு சப்ளையருக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் கொடுக்கச் சொல்கிறது. கொடுக்காவிட்டால், கொடுக்கும்வரை அந்தச் செலவை வருமான வரியில் கழிக்க முடியாது என்று 2023 நிதிச் சட்டம் 43பி(எச்) பிரிவைச் சேர்த்தபோது, எத்தனை எதிர்ப்பு! காஜா பட்டன் போடும் ஜாப் ஒர்க் யூனிட்டுக்கும், செக்கிங், அயர்னிங் எடுத்துச் செய்கிறவருக்கும் நாம் 90 நாள் இழுத்தடித்துக்கொண்டே, பையர் 90 நாள் இழுப்பது அநியாயம் என்று கடிதம் எழுதினால் அதில் வலு இருக்காது. ஆகவே ஒரே ஆவணமாக எழுதுவோம். மேல்பக்கம் பையருக்கு: வெட்டிய துணிக்குப் பணம், அப்ரூவல் தாமதமானால் தேதியும் தள்ளும், வரி ஏறினால் சுமை பங்கு. கீழ்ப்பக்கம் நம் ஜாப் ஒர்க் யூனிட்டுகளுக்கும் தொழிலாளிக்கும்: 45 நாளில் பணம், இரட்டிப்புக் கூலி, ஆர்டர் குறைந்த மாதத்தில் குறைந்தபட்சச் சம்பளம். இரண்டுக்கும் ஒரே கையெழுத்து. அதன் முதல் வரைவை இந்தக் கல்லூரியின் வணிகவியல் மாணவர்கள் எழுதித் தருவதானால், சங்க அலுவலகங்களுக்கு அதை எடுத்துக்கொண்டு போக நானும் கூட வருகிறேன்.